பித்த உப்பு, லெசித்தின், கலப்பு மிசெல்: ஆய்வக மேசைக்கான கையேடு

15 மில்லிமோலார் சோடியம் டாரோகோலேட் என்ற பித்த உப்பும் 3.75 மில்லிமோலார் லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட்டும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் உப்புக் கரைசலில்) சேர்ந்த கரைசல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதில் 20 மி.லி. எடுத்து, அதே பஃபரை 80 மி.லி. ஊற்றி, இரண்டு மணி நேரம் வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் லேசாக நீலம் பாய்ந்த மங்கல் தெரியும். நீர்க்க நீர்க்கத் தெளிய வேண்டியது எப்படிக் கலங்கியது என்று குழம்பி, கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி எடை போட உட்காருபவர்கள் உண்டு. கொட்ட வேண்டாம். உள்ளே இருந்த மிசெல்களில், அதாவது இரண்டும் கூடி நிற்கும் நுண் கூட்டங்களில், பெரும்பகுதி மூடிய நுண் பைகளாக, குமிழ்ப்பைகளாக, மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாற்றம் ஏன் நடக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், இந்த வேலையில் வரும் பிழைகளில் பாதி வராது. பல செய்முறைத் தாள்களில் கிராம் கணக்கு மட்டும் இருக்கிறது, இந்தக் காரணம் இல்லை. அதனால்தான் இங்கே அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

டர்பன் வெஸ்ட்வில் வளாகத்திலோ ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா ஆய்வகங்களிலோ மருந்தியல் படிக்கும் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம். இந்த நாட்டில் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரையை 2001-இல் குவாசூலு-நட்டால் மாகாணம் முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்றது. அந்த மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ விழுங்கச் சொல்கிறார்கள். லூமிஃபான்ட்ரின் தண்ணீரில் கரையவே கரையாது. சிறுகுடலில் பித்தமும் கொழுப்பும் சேர்ந்து உருவாகும் கலப்பு மிசெலுக்குள் ஏறினால்தான் அது உடம்பில் சேரும். இப்படிப்பட்ட மருந்துகளைக் குடுவையில் சோதிக்க வேண்டுமென்றால் குடலின் மிசெலையும் குடுவையில் உருவாக்கியாக வேண்டும். வெறும் வயிற்றுக்கு 3 மில்லிமோலார் டாரோகோலேட், 0.75 மில்லிமோலார் லெசித்தின், பிஎச் 6.5. சாப்பிட்ட வயிற்றுக்கு 15, 3.75, பிஎச் 5.0. 1998 முதல் புழக்கத்தில் உள்ள கணக்கு இது. இரண்டிலும் விகிதம் நாலுக்கு ஒன்று. ஆனால் இரண்டுக்குள்ளும் இருக்கும் துகள்கள் ஒரே மாதிரி இல்லை.

இரண்டு மூலக்கூறுகள் எப்படிக் கூடுகின்றன

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். பித்த உப்புக்கு அப்படி இல்லை. அது நான்கு வளையங்கள் ஒட்டிய ஒரு விறைப்பான தட்டு. முதல் இரண்டு வளையங்கள் சேரும் இடத்தில் தட்டு சற்று வளைந்திருக்கும். கோலிக் அமிலத்தில் 3, 7, 12 ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள ஹைட்ராக்சில்கள் தட்டின் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. அது நீர் விரும்பும் முகம். மறுபக்கத்தில் மெத்தில் குழுக்கள். அது நீர் விலக்கும் முகம். ஓரத்தில் ஒரு சிறு பக்கச்சங்கிலி, அதன் முனையில் மின்னூட்டம். தனியாக விட்டால் இந்தத் தட்டுகள் நீர் விலக்கும் முகங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில மூலக்கூறுகள் மட்டுமே கொண்ட சிறு கூட்டங்களாக நிற்கும். சோப்பு மிசெல் போல ஐம்பது, அறுபது என்று சேராது.

லெசித்தின் வேறு குணம். இரண்டு கொழுப்பு வால்கள், ஒரு பெரிய தலை. மொத்தத்தில் உருளை வடிவம். உருளைகளை அடுக்கினால் தட்டையான இரட்டைப் படலம்தான் வரும். அதனால் லெசித்தினைத் தண்ணீரில் போட்டால் ஊறும், உப்பும், பால் போலாகும், கரையாது.

இரண்டையும் சேர்த்தால், பித்த உப்புத் தட்டு தன் நீர் விலக்கும் முகத்தை லெசித்தினின் வால்கள் மேல் சாத்திக்கொள்கிறது. இரட்டைப் படலத்தின் வெட்டுவாயில் வால்கள் தண்ணீருக்குத் தெரிந்துகொண்டு நிற்கும் அல்லவா? அந்த ஓரத்தை மூடுவதுதான் பித்த உப்பின் முதல் வேலை. புடவைக்கு விளிம்பு கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்த உப்பு நிறைய இருந்தால் சின்னச் சின்னத் துண்டுகளுக்கும் விளிம்பு கட்டலாம். குறைந்தால் துண்டுகள் பெரிதாக வேண்டும், அல்லது நீளமாக வேண்டும். மேலும் குறைந்தால் விளிம்பே இல்லாதபடி படலம் வளைந்து தன்னையே மூடிக்கொள்ளும். அதுதான் குமிழ்ப்பை.

1967 வாக்கில் டொனால்டு ஸ்மால் இந்த மிசெலை லெசித்தின் தட்டையும் அதைச் சுற்றிப் பித்த உப்பு வளையத்தையும் கொண்ட ஒரு வில்லையாக வரைந்தார். 1980-இல் மேசர், பெனெடெக், கேரி ஆகியோர் ஒளிச்சிதறல் அளவீட்டோடு, பித்த உப்பு ஓரத்தில் மட்டும் இல்லை, வில்லையின் உள்ளேயும் ஜோடியாகச் செருகியிருக்கிறது என்று திருத்தினார்கள். பின்னால் வந்த நியூட்ரான் சிதறல் ஆய்வுகள் வில்லையை விட உருளைக் குச்சி வடிவமே பொருந்துகிறது என்று காட்டின: நீர்க்கும்போது குச்சி நீளும், பிறகு குமிழ்ப்பையாகும். எங்கள் கருத்தில் குச்சிப் படமே மேசை வேலைக்கு உதவும். குமிழ்ப்பை எல்லைக்கு அருகில் கரைசல் சில நேரம் சற்று வழவழப்பாவதற்குக் காரணம் அந்த நீண்ட குச்சிகள்தான்.

குடுவையின் விகிதம் வேறு, துகளின் விகிதம் வேறு

இதுதான் உயிர்நாடி. குடுவையில் போட்ட பித்த உப்பு முழுவதும் மிசெலுக்குள் இருப்பதில்லை. ஒரு பகுதி எப்போதும் தனி மூலக்கூறாகத் தண்ணீரில் திரியும். மிசெல்களுக்கு நடுவே உள்ள அந்தச் செறிவு ஏறக்குறைய மாறாமல் நிற்கப் பார்க்கும். லெசித்தினோ நடைமுறையில் முழுவதும் துகளுக்குள்தான். ஆகவே துகளுக்குள் இருக்கும் விகிதம் இப்படி: மொத்தப் பித்த உப்பிலிருந்து தனியாகத் திரிவதைக் கழித்து, லெசித்தினால் வகுக்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். தனியாகத் திரிவது 2 மில்லிமோலார் என்று வைத்துக்கொள்வோம். அடர் கரைசலில் 15-இல் 2 போக 13, அதை 3.75-ஆல் வகுத்தால் 3.47. ஐந்து மடங்கு நீர்த்தால் மொத்தம் 3, அதில் 2 போக 1, லெசித்தின் 0.75, விகிதம் 1.33. குடுவைச் சீட்டில் இரண்டு முறையும் 4 என்றே எழுதியிருக்கும். துகளுக்குள் மட்டும் 3.47-இலிருந்து 1.33-க்கு விழுந்துவிட்டது. விளிம்பு கட்டத் துணி போதவில்லை, துகள் பெரிதாகிறது.

இதிலிருந்து ஒரு வழியும் கிடைக்கிறது. துகளின் அளவு மாறாமல் நீர்க்க வேண்டுமா? வெறும் பஃபரை ஊற்றாதீர்கள். 2 மில்லிமோலார் டாரோகோலேட் கலந்த பஃபரை ஊற்றுங்கள். 20 மி.லி. அடர் கரைசலில் 80 மி.லி. அப்படி ஊற்றினால் மொத்தம் 4.6 ஆகும். 2 போக 2.6, அதை 0.75-ஆல் வகுத்தால் மறுபடி 3.47. கரைசல் தெளிவாகவே நிற்கும். ஜெல் பத்தியில் (துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் குழாயில்) ஓட்டுவதானாலும் டயாலிசிஸ் செய்வதானாலும் இதே விதி. பத்தியை வெறும் பஃபரால் சமப்படுத்தினால், ஓடும் வழியிலேயே மிசெல் குமிழ்ப்பையாகிவிடும். வெளியே வருவது நீங்கள் ஏற்றியது அல்ல.

அந்த 2 என்ற எண்ணை அப்படியே நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். உப்புச் செறிவு, வெப்பம், பித்த உப்பின் வகை, ஏன், துகள் விகிதம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். உங்கள் பஃபருக்குரிய எண்ணை நீங்களே எடுக்கலாம். 1, 2, 4, 8 மில்லிமோலார் என நான்கு செறிவில் லெசித்தின் குமிழ்ப்பைக் கரைசல் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் அடர் டாரோகோலேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, 400 நானோமீட்டரில் கலங்கலை அளந்து, கலங்கல் மறையும் புள்ளியைக் குறியுங்கள். சேர்த்த கன அளவுக்கு ஏற்ப இரண்டு செறிவுகளையும் திருத்திக்கொள்ள மறக்காதீர்கள். லெசித்தினைக் கிடை அச்சிலும் அந்தப் புள்ளியில் இருந்த மொத்தப் பித்த உப்பைச் செங்குத்து அச்சிலும் வைத்தால் நேர்கோடு வரும். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் தனியாகத் திரியும் செறிவு. கோட்டின் சரிவு கரைந்து முடியும்போது துகளுக்குள் இருந்த விகிதம். இதற்கு ஒரு நாள் செலவாகும். அந்த ஒரு நாள் பிறகு பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

பொருள் வாங்கும்போது

லெசித்தின் என்ற பெயரில் கடையில் விற்கும் சோயா மாவு வேண்டாம். எண்ணெய் நீக்கிய சோயா லெசித்தினில் நமக்கு வேண்டிய பாஸ்ஃபாட்டிடைல்கோலின் ஏறக்குறைய கால் பங்குதான். மீதி வேறு பாஸ்போலிப்பிட், சர்க்கரை லிப்பிட். தூய்மைப்படுத்திய முட்டை அல்லது சோயா பாஸ்ஃபாட்டிடைல்கோலின் வாங்குங்கள். முட்டையிலிருந்து வருவதன் வால்கள் அறை வெப்பத்தில் இளகியே இருக்கும். ஊறவைக்கச் சூடு தேவையில்லை. இரண்டு வாலும் பால்மிட்டிக்காக உள்ளது 41 டிகிரியில்தான் இளகும். ஸ்டியரிக் வால் 55 டிகிரியில். அவற்றைக் குளிர்ந்த பஃபரில் ஊறவைத்தால் துணுக்குத் துணுக்காக மிதக்கும்.

பித்த உப்பில் டாரோகோலேட்டைத் தேர்வதற்குக் காரணம் பிஎச். டாரின் சேர்ந்தவற்றின் அமிலப் பிரிகை எண் (pKa) 2-க்கும் கீழே. பிஎச் 5-இல் கூடக் கரைந்தே நிற்கும். கிளைசின் சேர்ந்தவற்றுக்கு 4-ஐ ஒட்டி. எதுவும் சேராத கோலேட்டுக்கு 5-ஐ ஒட்டி. அது பிஎச் 6.5-ஐ நெருங்கும்போதே வெள்ளையாகப் படியத் தொடங்கும். டியாக்சிகோலேட் அதற்கும் முன்பே, நடுநிலை பிஎச்சை ஒட்டியே, கூழாக உறையும். விலை குறைவு என்று கோலேட்டை வாங்கி பிஎச் 5 பஃபரில் போட்டுவிட்டு, லெசித்தின் சரியில்லை என்று சொல்வதில் பொருளில்லை. கால்சியமும் அப்படித்தான்: டாரோகோலேட் ஓரளவு தாங்கும், கிளைசின் உப்பும் தனிக் கோலேட்டும் சோப்புக் கசடு போல இறங்கிவிடும். குழாய்த் தண்ணீர் எந்த ஊரில் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இதற்கு ஆகாது. 'கச்சா' என்று குறித்த டாரோகோலேட்டும் வேண்டாம்; வேறு பித்த உப்புகள் கலந்திருக்கும், ஒவ்வொரு புட்டியும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை என்று சான்று உள்ளதாகப் பாருங்கள்.

டர்பனின் கோடைக்காலப் புழுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். டாரோகோலேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். திறந்து வைத்த எடைத்தட்டில் எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். லெசித்தின் அதைவிட மோசம், மெழுகாகி ஸ்பாட்டுலாவில் ஒட்டிக்கொள்ளும். உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இருந்து எடுத்த புட்டியைச் சிலிக்கா ஜெல் உள்ள டெசிக்கேட்டரில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள். ஒரு மணி நேரம் ஆகும், பொறுங்கள். குளிர்ந்த புட்டியைத் திறந்தால் கடலோரக் காற்றின் நீர் உள்ளே பனியாக இறங்கும், அடுத்த மாதம் அதுவே லெசித்தினைச் சிதைக்கும். எடுத்து முடித்ததும் ஆர்கான் அல்லது நைட்ரஜனை ஊதி மூடுங்கள்.

எடைக் கணக்கு

100 மி.லி. அடர் கரைசலுக்கு: டாரோகோலேட்டின் நீரற்ற மூலக்கூறு எடை 537.7. 1.5 மில்லிமோலுக்கு 0.807 கிராம். சான்றில் ஈரம் 4 சதவீதம் என்று இருந்தால் 0.807-ஐ 0.96-ஆல் வகுத்து 0.841 கிராம் எடுங்கள். முட்டை லெசித்தினின் சராசரி எடை 770, 0.375 மில்லிமோலுக்கு 0.289 கிராம்.

பிஎச் 6.5 பஃபர், ஒரு லிட்டருக்கு: நீரற்ற சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3.438 கிராம், சோடியம் குளோரைடு 6.186 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 0.42 கிராம். 900 மி.லி. தூய நீரில் கரைத்து, பிஎச் சரிசெய்து, ஒரு லிட்டராக்குங்கள். பாஸ்பேட் புட்டியின் பெயர்ச்சீட்டை இரண்டு முறை படியுங்கள். ஒரு நீர் மூலக்கூறு உள்ளதானால் 3.95 கிராம், இரண்டு உள்ளதானால் 4.47 கிராம். பிஎச் 5.0 வேண்டுமானால் பாஸ்பேட்டுக்குப் பதில் அசிட்டேட் பஃபர். பாஸ்பேட் அங்கே பிஎச்சைத் தாங்கிப் பிடிக்காது.

படல முறை

எங்களுக்கு இதுதான் விருப்பம். இரண்டு பொருளையும் கரிமக் கரைப்பானில் மூலக்கூறு அளவிலேயே கலந்துவிடுவதால், தண்ணீர் பட்டதும் மிசெல் தானாகக் கூடும்.

1. 500 மி.லி. உருண்டை அடிக் குடுவையைக் காயவைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள். லெசித்தினை 5 மி.லி. குளோரோஃபார்மிலும், டாரோகோலேட்டை 10 மி.லி. மெத்தனாலிலும் கரைத்து இதில் ஒன்றாக ஊற்றுங்கள். கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். மங்கினால் மெத்தனால் சில மி.லி. கூட்டுங்கள். மெத்தனால் இரட்டிப்பாக இருப்பதில் நியாயம் உண்டு: குளோரோஃபார்ம் முந்திக்கொண்டு ஆவியாகும், கடைசி வரை நிற்பது மெத்தனால், அதில் இரண்டுமே கரையும். குளோரோஃபார்மைக் கூட்டினால் டாரோகோலேட் முதலில் படிந்து, லெசித்தின் அதன் மேல் தனி அடுக்காக உட்காரும்.

2. ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரி நீர்த்தொட்டி. அழுத்தத்தை 450 மில்லிபாரில் தொடங்கி, 300, 100 என்று படிப்படியாக இறக்குங்கள். கடைசியில் பொருள் பொரித்த அப்பளம் போல உப்பி, வெள்ளையாகக் குடுவையோடு ஒட்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் நுரை கண்டென்சருக்குள் ஏறிவிடும். ஏறியது திரும்பாது, உங்கள் விகிதமும் போச்சு.

3. எண்ணெய்ப் பம்பில் இரவு முழுவதும், குறைந்தது 12 மணி நேரம். பிறகு குடுவையை எடை போடுங்கள். கூடுதல் எடை 1.10 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். டாரோகோலேட்டில் ஈரம் இருந்திருந்தால் அந்த முப்பது நாற்பது மில்லிகிராம் வரை கூடலாம். அதற்கும் மேலே என்றால் கரைப்பான் மிச்சம். குறைந்தால் நுரையில் போயிருக்கிறது.

4. ஆக்சிஜன் நீக்கிய பஃபர் 80 மி.லி. ஊற்றி, கையால் மெல்லச் சுழற்றுங்கள். குலுக்க வேண்டாம், நுரைக்கும். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் தெளியும். 100 மி.லி. அளவுக்குடுவைக்கு மாற்றி, கழுவிய பஃபரையும் அதிலேயே சேர்த்து, குறி வரை நிரப்புங்கள். இருட்டில் ஒரு இரவு வைத்து, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடியுங்கள்.

புரோப் சோனிக்கேட்டரைத் தொடவே வேண்டாம். இந்த மிசெல் தானாகக் கூடும் பொருள். அடித்துக் கூட்ட வேண்டிய நிலை வந்தால் எடையிலோ பிஎச்சிலோ லெசித்தினிலோ எங்கோ தவறு இருக்கிறது. சோனிக்கேட்டர் அந்தத் தவறை மறைக்கும், கூடவே டைட்டானியம் துகளையும் சூட்டையும் சேர்க்கும்.

இன்னொரு வழி, டைக்ளோரோமெத்தேன் முறை. டாரோகோலேட்டைப் பஃபரில் கரைத்து, ஒரு மி.லி.க்கு 100 மில்லிகிராம் லெசித்தின் கொண்ட டைக்ளோரோமெத்தேன் கரைசலை அதில் ஊற்றிப் பால்மமாக்கி, 40 டிகிரியில் 250 மில்லிபாரில் 15 நிமிடம், 100 மில்லிபாரில் 15 நிமிடம் இழுத்தால் தெளிந்துவிடும். வேகமானது. ஆனால் நுரை அதிகம். எனவே குடுவையில் கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நைட்ரில் கையுறையைச் சில நிமிடங்களில் டைக்ளோரோமெத்தேன் ஊடுருவிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிந்தினால் உடனே கழற்றி மாற்றுங்கள். எது செய்தாலும் ஃபியூம் ஹூட்டுக்குள்தான்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மேலே சொன்னவை எல்லாம் முழு அழுத்த எண்கள். பழைய பம்புகளின் அழுத்தக் கடிகாரம் வெளிக்காற்றுக்கு எவ்வளவு கீழே என்றே காட்டும். டர்பனில் வெளிக்காற்று 1013 மில்லிபாரை ஒட்டி. கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே ஜோகன்னஸ்பர்க்கில் 830-ஐ ஒட்டி. கடிகாரம் 'மைனஸ் 760' மில்லிபார் என்று காட்டும்போது டர்பனில் உள்ளே 250, ஜோகன்னஸ்பர்க்கில் 70-தான். டர்பன் ஆய்வகத்திலிருந்து வாங்கிய செய்முறைத் தாள் அங்கே நுரையாகப் பொங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். டைக்ளோரோமெத்தேனும் அந்த உயரத்தில் 34 டிகிரியிலேயே கொதிக்கும்.

மின்வெட்டு பற்றியும் சொல்ல வேண்டும். லோட்ஷெட்டிங் அட்டவணை அமலில் இருக்கும் நாட்களில் அதைப் பார்க்காமல் படலம் தொடங்காதீர்கள். ஆவியாக்கும் நடுவில் மின்சாரம் போனால் ஃபியூம் ஹூட்டும் நிற்கும். உடனே நைட்ரஜனை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமப்படுத்தி, குடுவையைத் தொட்டியிலிருந்து தூக்கி, மூடி போட்டு வெளியே வாருங்கள். கரைப்பான் மிச்சமிருக்கும் கரைசல் மூடிய குடுவையில் சில மணி நேரம் கெடாமல் காத்திருக்கும். இரவு முழுக்க ஓடும் எண்ணெய்ப் பம்புக்கும் டெசிக்கேட்டருக்கும் நடுவே ஒரு அடைப்புக்குழாய் இருக்கட்டும். இல்லையேல் பம்பு நின்றதும் எண்ணெய் உங்கள் படலத்தை நோக்கி ஏறும்.

வந்தது மிசெல்தானா?

கண்ணே முதல் கருவி. அடர் கரைசல் தெளிவு. வெறும் வயிற்றுக் கரைசல் மெல்லிய நீல மங்கல். வெள்ளையாகப் பால் போல இருந்தால் லெசித்தின் ஊறாமல் கிடக்கிறது. அடியில் பொடி இறங்கினால் பிஎச் அல்லது கால்சியம். மஞ்சள் ஏறி வாடை வந்தால் லெசித்தின் ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது. 234 நானோமீட்டரில் உறிஞ்சல் உயர்ந்திருக்கும். நீராற்பகுத்த லெசித்தினை மெல்லடுக்குத் தட்டில் பிடிக்கலாம்: குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் 65:25:4 என்ற கணக்கில் ஓட்டினால் லைசோலெசித்தின் (ஒரு வாலை இழந்த லெசித்தின்) கீழே தனிப் புள்ளியாக நிற்கும். லைசோ தானே ஒரு சோப்பு. அது சேர்ந்தால் மிசெல் எதிர்பார்த்ததை விடச் சின்னதாகி, கரைசல் அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கும். மங்க வேண்டிய கரைசல் மங்கவே இல்லை என்றால் மகிழ்ச்சியடையாதீர்கள், தட்டைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒளிச்சிதறல். அடர் கரைசலில் சில நானோமீட்டர் விட்டம். வெறும் வயிற்றுக் கரைசலில் பல பத்து நானோமீட்டர். இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, 'சிக்னல் அதிகம், நீர்த்துப் போடு' என்று கருவி சொன்னதும் பஃபர் ஊற்றுவது. மேலே போட்ட கணக்கை நினையுங்கள்: நீர்த்த மறுகணம் நீங்கள் அளப்பது வேறொரு பொருள். இரண்டாவது, சிதறும் ஒளி துகள் ஆரத்தின் ஆறாம் அடுக்காக ஏறும். பத்து மடங்கு பெரிய ஒரு குமிழ்ப்பை பத்து லட்சம் மிசெலின் ஒளியைத் தானே காட்டும். எனவே ஒளிச்செறிவு வரைபடத்தில் 60 நானோமீட்டரில் ஒரே சிகரம் இருந்தாலும் உள்ளே மிசெலே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எந்த வெப்பத்தில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே, 37 டிகிரி என்றால் 37 டிகிரியிலேயே அளங்கள்.

நீர்க்கும் கை ஒரே மாதிரி இருக்கட்டும். பஃபரில் அடர் கரைசலை ஊற்றுவதா, அடர் கரைசலில் பஃபரை ஊற்றுவதா, எவ்வளவு வேகத்தில் என்பதெல்லாம் குமிழ்ப்பையின் அளவில் தெரியும். ஏனென்றால் மூடிக்கொண்ட குமிழ்ப்பை எளிதில் மறுபடி திறந்து சமநிலைக்கு வராது. ஒரு முறையைத் தேர்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எல்லா நாளும் அதையே செய்யுங்கள்.

லெசித்தின் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வேதியியலாகப் பார்க்க, பாஸ்பரஸை அளக்கும் பார்ட்லெட் முறை பாஸ்பேட் பஃபரில் உதவாது. பஃபரின் பாஸ்பேட்டே எண்ணை மூழ்கடித்துவிடும். அமோனியம் ஃபெரோதயோசயனேட் கொண்டு செய்யும் ஸ்டூவர்ட் முறைக்கு அந்தத் தொல்லை இல்லை. பித்த உப்புக்கு 3-ஆல்ஃபா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ் நொதி முறை.

மஞ்சளை வைத்து ஒரு சோதனை

மிசெல் வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே காண, குர்குமின் நல்ல துணை. எண்ணெயில் மஞ்சளை வதக்காமல் கறி வைப்பவர் டர்பனில் யாரும் இல்லை. நிறம் தண்ணீரில் இறங்காது, கொழுப்பில்தான் இறங்கும் என்பது அடுப்படியில் தெரிந்ததே. அந்த எண்ணெய் குடலில் செரித்து, கொழுப்பமிலமும் மோனோகிளிசரைடுமாகப் பித்த உப்போடும் லெசித்தினோடும் சேர்வதும் இதே கலப்பு மிசெல்தான்.

மூன்று பழுப்புக் குப்பிகளில் 10 மி.லி. வீதம் எடுங்கள்: வெறும் பஃபர், 3 மில்லிமோலார் டாரோகோலேட் மட்டும், லெசித்தினும் சேர்ந்த முழுக் கரைசல். ஒவ்வொன்றிலும் குர்குமின் 5 மில்லிகிராம். 37 டிகிரியில், இருட்டில், 24 மணி நேரம் குலுக்குங்கள். 13,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றி, மேல் தெளிவை எடுங்கள். வெறும் பஃபர் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும்; மூன்றாவது குப்பி மஞ்சளாக நிற்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடுதான் லெசித்தின் கொடுத்த இடம். அளக்க நீர்க்கும்போது மெத்தனாலில் நீர்த்து 425 நானோமீட்டரில் படியுங்கள். பஃபரில் நீர்த்தால் மிசெல் குலைந்து குர்குமின் வெளியே படிந்துவிடும். வடிகட்டியில் வடிப்பதானால் முதல் சில மி.லி.யைக் கொட்டிவிடுங்கள், சவ்வு முதலில் குர்குமினைத் தானே குடிக்கும். பிஎச் 7-க்கு மேலே இந்தச் சோதனை செய்யாதீர்கள், குர்குமின் சிதைந்து எண் குறையும்.

இதே நியாயம் மருத்துவமனை மேசையிலும் உண்டு. கிரிப்டோகாக்கல் மூளையுறை அழற்சிக்குப் பயன்படும் பழைய வகை ஆம்போடெரிசின் பி புட்டியில் 50 மில்லிகிராம் மருந்தோடு 41 மில்லிகிராம் சோடியம் டியாக்சிகோலேட் இருக்கும். அதில் லெசித்தின் இல்லை. மருந்தைத் தாங்குவது பித்த உப்பு மட்டும். அதனால்தான் அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்கச் சொல்கிறார்கள். உப்புநீர் சேர்ந்தால் மருந்து படிந்துவிடும். லெசித்தினும் கிளைகோகோலிக் அமிலமும் சேர்ந்த கலப்பு மிசெலாகவே வரும் வைட்டமின் கே ஊசியும் உண்டு. அதன் ஆம்பூலைத் திறக்கும்போது திரவம் மங்கியிருந்தாலோ பிரிந்திருந்தாலோ போடக்கூடாது. அங்கே தெளிவுதான் தரம். மேலே சொன்ன நீர்த்த கரைசலின் நீல மங்கலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வைத்திருப்பது, கழிப்பது

நீர்த்த கரைசலைத் தயாரித்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்து, 48 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதை விட அறை வெப்பத்தில் மூடி வைப்பதே மேல். குளிர்ந்து சூடாகும்போது துகள் அளவு நகரும். உறைய வைக்கவே கூடாது, பனிக்கட்டி குமிழ்ப்பைகளைக் கிழிக்கும். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் மூன்றாம் படியில் கிடைத்த காய்ந்த படலத்தை ஆர்கான் நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். வேண்டும்போது அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து பஃபர் ஊற்றிக்கொள்ளலாம். அந்தக் குடுவையில் தேதி, இரண்டு பொருளின் தொகுதி எண், எடை மூன்றையும் எழுதுங்கள். குளோரோஃபார்மும் டைக்ளோரோமெத்தேனும் ஹாலோஜன் கழிவுப் புட்டிக்கு மட்டுமே போக வேண்டும். அசிட்டோன் கழிவோடு சேர்க்காதீர்கள். குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரம் கொஞ்சம் பட்டாலே பொங்கிச் சூடேறி வெடிக்கும் ஜோடி.